முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவிசேஷமுத்து சார் கண்ணாடி முன்னால் நிற்பது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அவர் நின்ற நேரத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளையே தயாராகி, மண்டபத்துக்குப் போய், போட்டோவும் எடுத்துக்கொண்டிருப்பார்.

"சாராள், இந்த ஜிப்பாவா, அந்த வெள்ளைச் சட்டையா?"

"ரெண்டும் வெள்ளைதாங்க."

"ஜிப்பா வெள்ளை இல்லை. கிரீம்."

சாராள் அவர் கையைப் பிடித்து இழுத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே நோயாளி இவர்தான். கருவி 'பீப்' என்றது. எல்லாம் சரியாகவே இருந்தது. சாராளுக்கு ஏனோ அதுவும் பயமாக இருந்தது.

போன வாரம் நடந்ததை மறந்துவிட்டவர்களுக்கும், இந்த வாரம்தான் இந்த முடிச்சூர் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சுவிசேஷமுத்து கணக்கு வாத்தியாராகத் தாம்பரத்துக்கு வந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஜெரூஷா. கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவள் கணவன் ஆஸ்டின் மஸ்கட்டில் இருக்கிறான். ஜெரூஷாவும் மகள் சுஜியும் இதே வீட்டில், வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய மாடியில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது ஜெரூஷா, "டெலிவரி ஹெட் போஸ்ட்டுக்கு என் பேரைச் சொல்லியிருக்காங்க" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறே அப்பா சர்ச்சில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, 'மகள் ஜெரூஷாவின் பதவி உயர்வுக்காக' என்று சபையில் வாசிக்க வைத்துவிட்டார்.

"இன்னும் கிடைக்கலையேங்க" என்று சாராள் கேட்டாள்.

"கிடைச்சப்புறம் ஸ்தோத்திரம் பண்ண யாருக்குத்தான் தெரியாது? கிடைக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும். அதுக்குப் பேர்தான் விசுவாசம்" என்றார் அவர்.

அந்த விசுவாசம் சபைக் கமிட்டி வரைக்கும் போய்விட்டது. ஆலயம் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று சபையில் சாதித்தவர்களுக்குச் சால்வை போடுவது வழக்கம். அந்த வரிசையில் ஜெரூஷாவின் பெயரும் சேர்ந்தது. அவளுக்குச் சால்வையைத் தகப்பனே போடுவதாக ஏற்பாடு.

இதற்கிடையில் பதவி உண்மையாகவே வந்தது. ஜெரூஷா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாது. ஆஸ்டினுக்கும் தெரியாது.

பிரதிஷ்டைப் பண்டிகை இன்றைக்கு.

ஜெரூஷா மாடிப்படியில் இறங்கி வந்தாள். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். படிக்குப் படி அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். உக்காரு. முதல்ல நான்."

சுவிசேஷமுத்து ஜிப்பாவின் பொத்தானைப் போட்டுக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். மனதில் இருப்பதை எடுத்துச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பேசியே தீர்ந்துபோன மனிதர். அதனால் அவர் குரல் தாழ்ந்ததும் ஜெரூஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர் சர்ச்சுல எங்களுக்கு பெஞ்ச் கிடையாதும்மா. பின்னாடி பாய்தான். பெஞ்ச்ல உக்கார்றவங்க வீட்டு ஸ்தோத்திரத்தை மட்டும்தான் வாசிப்பாங்க. எங்கம்மாவும் காணிக்கை போடுவாங்க. நான் பாஸானதுக்கு, என் தம்பிக்குக் காய்ச்சல் சரியானதுக்கு. போட்டுட்டு, இப்ப வாசிப்பாங்க இப்ப வாசிப்பாங்கன்னு நிமிர்ந்து உக்காந்திருப்பாங்க. ஒரு தடவைகூட வாசிச்சதில்லை."

"அப்பா..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, பழைய கதை. இன்னிக்கு மைக்ல உன் பேரை வாசிப்பாங்க. சால்வையை என்னைப் போடச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்." அவர் எழுந்துவிட்டார். "நீ என்னமோ சொல்லணும்னியே?"

ஜெரூஷா அவருடைய ஜிப்பாவில் மாற்றிப் போட்டிருந்த பொத்தானைப் பார்த்தாள். எழுந்துபோய் அதைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"அப்புறம் சொல்றேன்ப்பா."

சமையலறையில் சாராள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே வந்த வேகத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லலை, அப்படித்தானே?"

"எப்படிம்மா சொல்றது? அவர் பாட்டுக்கு பாய், பெஞ்ச்னு ஆரம்பிச்சுட்டாரு."

சாராள் வடிகட்டியைக் கீழே வைத்தாள். "பாயைப் பத்திச் சொன்னாரா? உன்கிட்டயா?"

"ஆமா."

"என்கிட்ட அதைச் சொல்றதுக்கே நீ பொறந்து, நடந்து, ஸ்கூலுக்குப் போக வேண்டியிருந்தது."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நான் சொல்றதைக் கேளு ஜெரூ. இன்னிக்கு ஒரு நாள் சால்வையை வாங்கிக்க. தேங்க்ஸ் சொல்லிட்டு இறங்கிடு. நாளைக்கு நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

"சபைக்கு முன்னாடி பொய் சொல்லச் சொல்றியா?"

"பேசாம இருன்னு சொன்னேன். பொய் சொல்லச் சொல்லலை. வார்டுல எத்தனை வருஷம் இருந்தேன் நானு! எல்லாத்தையும் எல்லா நேரத்துலயும் போட்டு உடைச்சுட முடியாதுடி."

"நான் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு உனக்காவது புரியுதாம்மா?"

"புரியலை" என்றாள் சாராள், யோசிக்காமல். "நீ சொன்னியே, அந்த சீட்ல உக்காந்தா நான் வேலை பார்க்க மாட்டேன், வேலை பார்க்கறவங்களைப் பார்த்துகிட்டிருப்பேன்னு. அது எனக்குப் பிடிபடலை. எங்க மேட்ரன் அப்படித்தான் இருந்தாங்க, சௌக்கியமாத்தான் இருந்தாங்க. ஆனா எதிர்வீட்டு ஜீவிதா இருக்கா பாரு. அவளும் பெரிய போஸ்ட்டுதான். தெருமுனையில இருந்தே போன்ல கத்திகிட்டு வர்றா. வாசல்ல நின்னு கத்தறா. நீ அப்படி வர்றதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன் மூஞ்சி நல்லா இருக்கு. எனக்கு அது போதும்."

ஜெரூஷாவுக்குக் கண் கலங்கியது. அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாராள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"எனக்குப் போதும். ஆஸ்டினுக்கு?"

இதுதான் ஜெரூஷா தப்பித்துக்கொண்டே இருந்த கேள்வி. ஆஸ்டின் சொல்லியிருந்தான்: 'நீ மட்டும் அந்த இடத்துக்கு வந்துடு. அன்னிக்கே இங்க பேப்பர் போட்டுட்டு வந்துடறேன். சுஜியை நான் பார்த்துக்கறேன்.' அதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. மஸ்கட் அறையில் ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்து, திரும்பி வருவதற்கு ஒரு வழி திறந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சொன்னான்.

"எனக்குப் போதும்னு நான் சொல்லிட்டேன். அதனால அவர் வர்றது தள்ளிப் போகுதுல்ல? இது சுயநலமாம்மா?"

"அது எனக்குத் தெரியாது. அவன்கிட்ட கேக்க வேண்டியது. எப்ப சொல்லப் போறே?"

"அப்பாகிட்ட சொன்னப்புறம்."

"அப்பாகிட்ட எப்ப?"

ஜெரூஷா டீயை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தனசிங் வாத்தியார் காரோடு வந்திருந்தார்.

தனசிங்கும் சுவிசேஷமுத்துவும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில் ஓய்வு பெற்று, ஒரே சபையில் போட்டி போட்டுக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள். அந்தக் கார் கனடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. அது வந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம் வாசிக்கப்பட்டது. பெருங்களத்தூரில் ஒரு ஷேர் ஆட்டோ அதைப் பின்னால் இடித்தபோது, லைட் உடைந்ததோடு போனதற்காக இன்னொன்று.

"வாம்மா டெலிவரி ஹெட்!" என்றார் தனசிங். "இன்னிக்கு உனக்குத்தான் முன் சீட்டு."

"வேண்டாம் அங்கிள். அப்பா உக்காரட்டும்."

சுவிசேஷமுத்து முன்னால் ஏறினார். பின்னால் அம்மாவும் மகளும். சண்டே ஸ்கூல் வேனில் சுஜி முன்பே போய்விட்டாள். முடிச்சூர் ரோட்டில் வண்டி மெதுவாக நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரோட்டில் பாதி பேர் சர்ச்சுக்கும் மீதி பேர் கறிக்கடைக்கும் போகிறவர்கள்.

"என் பையனும் சீனியர் ஆயிட்டான் முத்து. போன வாரம்தான் சொன்னான்."

"சீனியர்னா, என்ன சீனியர்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பான்னுட்டான்." தனசிங் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. "நான் பாட்டுக்கு சீனியர்னு மட்டும் சொல்லி வாசிக்க வெச்சுட்டேன். சபையில ஒருத்தரும் என்ன சீனியர்னு கேக்கலை."

"அப்பா" என்று ஜெரூஷா முன் சீட்டுப் பக்கம் குனிந்தாள். "அந்தப் போஸ்ட் விஷயமா..."

"அதையெல்லாம் மேடையில பேசும்மா! எல்லாத்தையும் கார்லயே பேசித் தீர்த்துட்டா அங்க போய் என்ன சொல்லுவே?" என்றார் தனசிங்.

சாராள் மகளின் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். பேசாமல் இரு என்று அர்த்தம்.

ஆலயத்து வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பின்பக்கம் சபை விருந்தான அசனத்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை ஆராதனைக்கு வருகிறவர்களின் பக்தியைச் சோதித்தது. சபைச் செயலர் கையில் மைக்கோடு ஜெரூஷாவிடம் ஓடி வந்தார்.

"உங்க போஸ்ட்டைத் தமிழ்ல எப்படிம்மா சொல்றது? டெலிவரி ஹெட்னு சொன்னா, நம்ம ஆளுங்க கூரியர் ஆபீஸ்னு நினைச்சுக்கறாங்க."

சொல்லிவிட இது ஒரு நல்ல சந்தர்ப்பம். 'என் பேரை எடுத்துடுங்க சார், அந்தப் போஸ்ட்டுல நான் இல்லை' என்று ஒரு வரி போதும். ஜெரூஷா வாயைத் திறந்தாள். அப்பா நாலு பேர் நடுவில் நின்று அவளைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். க்ரோம்பேட்டையிலிருந்து வந்த யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் முகத்தை அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு காலமாகிறது.

"எப்படி வேணும்னாலும் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆராதனை தொடங்கியது. பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் அதனதன் வரிசையில் நடந்தன. ஜெரூஷாவின் காதில் ஒன்றும் விழவில்லை. அம்மா சொன்னபடியே செய்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். மேலே போவது, தலை குனிவது, சால்வையை வாங்குவது, நன்றி சொல்வது, இறங்குவது. அதில் பொய் எதுவுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சால்வை போடும் நேரம் வந்தது. முதலில் டாக்டருக்குப் படித்து முடித்த ஒரு பெண். அடுத்து, படப்பையில் சொந்தமாகத் தொழிற்சாலை திறந்த ஒருவர். மூன்றாவதாகச் செயலர் அவள் பெயரை வாசித்தார்.

ஜெரூஷா எழுந்து போனாள். அப்பா ஏற்கெனவே மேலே நின்றிருந்தார். விரித்த சால்வையை இரண்டு கையிலும் பிடித்திருந்தார்.

ஆயர் இளைஞர். நல்லவர். உற்சாகம் கொஞ்சம் அதிகம். மைக்கை எடுத்துக்கொண்டார்.

"பிரியமானவர்களே, இதுல நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கு. இந்தப் பதவி வர்றதுக்கு முன்னாடியே, வந்துடுச்சுன்னு விசுவாசிச்சு நம்ம சுவிசேஷமுத்து சார் ஸ்தோத்திரம் சொன்னாரு. அதே மாதிரி வந்தது! ஜெபத்துக்குப் பதில் கிடைச்சதை அக்கா தன்னோட வாயாலயே சாட்சியாச் சொல்லட்டும்."

மைக் அவள் கைக்கு வந்துவிட்டது.

சும்மா நன்றி சொல்லி இறங்குவதற்கு இப்போது வழியில்லை. சாட்சி என்று கேட்டுவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து இந்த ஆலயத்தில் உட்கார்ந்து, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று சத்தமாக ஒப்பித்தவள் அவள். எதிரே முதல் வரிசையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள். சுஜி அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள். "அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தாங்க. அது நிஜம்தான். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பந்தல் பக்கம் யாரோ பாத்திரத்தைத் தரையில் வைத்தார்கள். அது உள்ளே கேட்டது.

"யாரும் என்னைத் தடுக்கலை. எனக்கே வேண்டாம்னு தோணுச்சு. இப்ப பார்க்கற வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. இது போதும். இதை அப்பாகிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். இன்னிக்குக் காலையில சொல்லத்தான் கீழ வந்தேன். முடியலை." அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "மன்னிச்சுடுங்கப்பா."

கீழே சாராளின் மடியில் மகளின் கைப்பை அதிர ஆரம்பித்தது. திறந்து பார்த்தாள். ஆஸ்டின். அப்போதுதான் சாராளுக்குத் தூண் பக்கம் நின்ற கேமரா நினைவுக்கு வந்தது. மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள் என்பதால், ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து, ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்க்கிறவன் ஆஸ்டின். இன்றைக்கு மனைவிக்குச் சால்வை போடுவதை விட்டுவிடுவானா? எல்லாரும் கேட்ட அதே நேரத்தில் அவனும் கேட்டிருக்கிறான். போன் நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது. சாராள் அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

மேலே சுவிசேஷமுத்து சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மகள் இதை எனக்குச் செய்திருக்க வேண்டாம் என்று நினைத்தார். தனசிங் எந்தப் பெஞ்சில் இருக்கிறார் என்று பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். 'போதும்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! பின்னால் பாயில் உட்கார்ந்தவன் அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் பாயில்தான் உட்கார்ந்திருப்பான். கோபம் வந்தது.

கோபத்துக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அது அவர் எதிர்பார்க்காதது. நடக்காத ஒன்றுக்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஊரைக் கூட்டி, மைக் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்குக்கூட அரை மார்க் கூட்டிப் போடாத மனிதர் அவர். அந்த நினைப்பு அவரைக் கோபத்தைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டது.

சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"நான் சபைக்கு முன்னாடி ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்" என்றார். தலைமையாசிரியர் குரல். "அது நடக்கலை. விசுவாசம்னு நினைச்சுதான் சொன்னேன். இப்ப யோசிச்சா, அதுல பெருமைதான் அதிகமா இருந்தது. அதனால அந்த ஸ்தோத்திரத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

ஆயர் திகைத்துப் போனார். ஸ்தோத்திரத்தை ஒருவர் வாபஸ் வாங்கினால் என்ன செய்வது என்று இறையியல் கல்லூரியில் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"சார், காணிக்கையை..."

"காணிக்கை இருக்கட்டும். அது சபைக்குப் போட்டது. ஸ்தோத்திரத்தை மட்டும்தான் கேக்கறேன்."

எங்கோ ஒருவர் சிரித்து, உடனே இருமினார். ஆயர் நிலைமையைச் சரிசெய்ய நினைத்தார். "அதுக்கென்ன சார், அதுக்குப் பதிலா மகளுக்காக வேற ஒண்ணு சொல்லிடலாமே. ஸ்தோத்திரத்துக்கா பஞ்சம்?"

சுவிசேஷமுத்து தலையாட்டினார். அது நியாயமாகவே பட்டது. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என் மகள் ஜெரூஷா..."

அங்கேயே நின்றுவிட்டது. ஸ்கூலில் வாங்கிய மார்க்கைச் சொல்லலாம். அதற்கு அப்போதே ஸ்தோத்திரம் சொல்லியாகிவிட்டது. காலேஜில் இடம் கிடைத்தது, கேம்பஸில் வேலை கிடைத்தது, முதல் பிரமோஷன், அடுத்த பிரமோஷன். எல்லாம் சொல்லி முடிந்தவை. தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி, வண்டலூர் ரோடு வழியாகப் போய், சாயங்காலம் திரும்பி வருகிறாளே, நடுவில் அவள் செய்வது என்ன? அவருக்குத் தெரியவில்லை.

அவர் மகள் பக்கம் திரும்பினார். மைக் வாய்க்குக் கிட்டேயே இருந்தது.

"நீ அந்த ஆபீஸ்ல என்னம்மா வேலை பார்க்கறே?"

சபை சிரித்தது. சார் நிலைமையைச் சமாளிக்க ஜோக் அடிக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே அடங்கியது.

ஜெரூஷா மைக்குக்காகப் பேசவில்லை. அவருக்கு மட்டும் சொன்னாள். மைக் அதையும் எடுத்துக் கொடுத்தது.

"தப்பு கண்டுபிடிக்கற வேலைப்பா. வெளிநாட்டுல ரயில் டிக்கெட் மெஷின் இருக்குல்ல, அதுக்குள்ள ஓடற புரோகிராம் எங்களுது. போன மாசம் ஒண்ணு பிடிச்சேன். பட்டனை ஒவ்வொண்ணா, மெதுவா அழுத்தினா டிக்கெட் வரலை. வேகமா அழுத்தினா வருது. எங்க ஆளுங்க எல்லாம் சின்னப் பசங்க, வேகமா அழுத்தறவங்க. அதனால ஒருத்தருக்கும் தெரியலை. நான் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, வயசானவங்க மாதிரி மெதுவா அழுத்திப் பார்த்தேன்."

"வரலையா?"

"வரலை. இப்ப வருது."

"அது பெரிய தப்பா?"

"இல்லப்பா. சின்னதுதான். யாரோ ஒரு பாட்டி ரயிலை விட்டிருப்பாங்க. அடுத்த ரயில்ல போயிருப்பாங்க. அவ்வளவுதான்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக. "ஆனா அதைப் பிடிச்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது. அந்த சீட்டுக்குப் போனா இதை நான் செய்ய முடியாதுப்பா."

"இதை ஏம்மா வீட்டுல சொன்னதே இல்லை?"

"நீங்க கேட்டதில்லையேப்பா."

அவள் குற்றம் சொல்வதாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். சுவிசேஷமுத்துவுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை போல இருந்தது. பெஞ்சுகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார்..." என்றார் ஆயர் மெதுவாக. "ஸ்தோத்திரம்?"

சுவிசேஷமுத்து ஆயர் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு இல்லைங்க பாஸ்டர். டிக்கெட் மெஷின் விஷயம் இப்பத்தான் கேள்விப்படறேன். இன்னும் என்னென்ன இருக்கோ, எனக்குத் தெரியாது. இவ வேண்டாம்னு சொன்னது சரின்னும் என்னால சொல்ல முடியலை. தெரியாம இன்னொரு தடவை வாசிக்கச் சொல்ல மாட்டேன். கேட்டுத் தெரிஞ்சுகிட்டு வர்றேன். அப்ப சொல்றேன்."

மைக்கையும் சால்வையையும் ஆயரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகள் முதலில் இறங்கட்டும் என்று படியில் ஒதுங்கி நின்றார்.